பேக்லாஷ் வாய் திறந்த நாள்

அந்தத் தொழிற்சாலையில் பல்சக்கரம் செய்வார்கள். பெரிது, சிறிது, நேர்ப்பல், சாய்ந்த பல் என்று விதவிதமாக. அங்கே வேலை செய்பவர்களுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கும், மற்ற நேரமெல்லாம் பட்டப்பெயர்தான். மில்லிங் மெஷின்காரருக்கு ரேடியோ என்று பெயர், அவரை நிறுத்துகிற பொத்தான் எங்கே இருக்கிறதென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அளவு சரிபார்க்கும் அறையில், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகக் கூறு போட்டு, அதில் ஒரு கூறு கூடிவிட்டாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். நேரில் ‘மேடம்’, முதுகுக்குப் பின்னால் ‘மைக்ரான்’. பல் வெட்டும் மெஷினில் நிற்பவர் பேக்லாஷ்.

அந்தக் கடைசிப் பெயருக்குக் கொஞ்சம் விளக்கம் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டு பல்சக்கரங்களைச் சேர்த்து மாட்டும்போது பல்லோடு பல்லை நெருக்கி வைக்கக்கூடாது. மயிரிழை அளவாவது நடுவில் இடம் விட வேண்டும். விடாவிட்டால் எண்ணெய் உள்ளே போகாது, சூடேறும், கத்தும், கடைசியில் இறுகி நின்றுவிடும். அந்த மயிரிழை இடத்துக்குப் பெயர்தான் பேக்லாஷ். சக்கரம் ஒரே பக்கமாகச் சுற்றுகிறவரை அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் தெரியும். நீங்கள் பாட்டுக்குக் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள், அந்தப் பக்கம் ஒன்றும் அசையாது. முதலில் அந்தச் சும்மா இடத்தைக் கடக்க வேண்டும், அப்புறம்தான் பல்லில் பல் முட்டி வேலை நடக்கும்.

இவரும் அப்படித்தான். கேன்டீனில் மத்தியானம் ரேடியோ ஒரு ஜோக் சொல்வார். எல்லோரும் சிரித்து, கை கழுவி, மெஷினுக்குத் திரும்பி, சாயங்கால டீயும் வந்து போன பிறகு, பல் வெட்டும் மெஷினுக்குப் பின்னாலிருந்து தனியாக ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கும். பழைய மேனேஜர் ஒருமுறை அவரைக் கூப்பிட்டு, “சூப்பர்வைசரா வர்றீங்களா?” என்று கேட்டார். யோசித்து முடித்து இவர் அந்த அறைக்குப் போனபோது நாற்காலியில் வேறொரு மேனேஜர் உட்கார்ந்திருந்தார். “வேண்டாம் சார்” என்றார் இவர். என்ன வேண்டாம் என்று அந்தப் புது மேனேஜருக்குக் கடைசிவரை புரியவில்லை.

கல்யாண விஷயத்திலும் அதே கதைதான். பெண் பார்த்துவிட்டு வந்து அவர் ‘பிடிச்சிருக்கு’ என்று சொன்னபோது அந்தப் பெண்ணுக்குக் குழந்தையே பிறந்துவிட்டது என்று ரேடியோ சொல்வார். ரேடியோ சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். பாதி என்றாலும் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாவது ஆகியிருக்கும். ஆக, நாற்பதைத் தாண்டியும் மனிதர் தனிக்கட்டை.

மைக்ரானுக்கு நேர் எதிர் சுபாவம். கேட்டால் கேட்ட நொடியில் பதில் வர வேண்டும், வராவிட்டால் காலில் வெந்நீர் ஊற்றியதுபோல் நிலைகொள்ள மாட்டாள். அவளுக்கும் கல்யாணம் என்று ஒன்று நடந்து, ஒத்துவராமல், பிரிந்து பல வருஷமாகிவிட்டது. அந்த ஆள் அவள் கேள்வியை முடிப்பதற்குள்ளேயே பதில் சொல்லிவிடுவான். எந்தக் கேள்வியானாலும் பதில் ‘அதெல்லாம் முடியாது’தான். இனிமேல் கல்யாணம் என்ற பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அக்கா வீட்டு மாடியில் இரண்டு அறையில் குடியிருந்தாள்.

அப்படிப்பட்டவளை விழவைத்தது ஒரு தகரத் துண்டு. தொழிற்சாலையில் அவள் அறைக்கு மட்டும்தான் ஏசி, அதுவும் மனுஷிக்காக இல்லை, அளவெடுக்கும் கருவிகளுக்காக. குளிர்காற்று நேராகப் பின்கழுத்தில் வந்து அடிக்கும். “கழுத்தே மரத்துப் போகுது” என்று ஒருநாள் பொதுவாகப் புலம்பினாள். சக்கரம் கொடுக்க வந்து நின்ற பேக்லாஷ் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை. எத்தனையோ வாரம் கழித்து, ஒரு காலையில் வந்து உட்கார்ந்தவளுக்கு ஏதோ குறைந்ததுபோல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். ஏசியின் வாயில் ஒரு தகரத் தகடு, விளிம்பு மடித்து, கூர் தேய்த்து, காற்றைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது. பழக்க தோஷம், ஸ்டூல் போட்டு ஏறி அளந்து பார்த்தாள். இரண்டு பக்க மடிப்பும் அச்சாக ஒரே அளவு.

தான் சொன்னதைத் தானே மறந்துவிட்டிருந்தாள் அவள். அன்றைக்கு எதிரே நின்றிருந்த ஒரே ஒருத்தர் அதை இத்தனை நாளாக மனதில் வைத்து உருட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஸ்டூலில் நின்றபடியே அந்த மடிப்பை இன்னொரு முறை விரலால் தடவிப் பார்த்தாள். அன்றைக்கு விழுந்தவள்தான், எழுந்திருக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

வீட்டில் அக்காவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

“ஏண்டி, புதுசா கண்ணாடி முன்னாடி இவ்வளவு நேரம் நிக்கிற? ஆள் யாரு?” என்று பிடித்துக்கொண்டாள்.

“ஆளும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“ஃபேக்டரியில இருக்கிறவனா?” என்றார் அக்கா வீட்டுக்காரர்.

“நீங்க சும்மா இருங்க, நான் கேக்கிறேன்ல,” என்று அக்கா திரும்பினாள்.

“நான் கேட்டா என்ன?”

“நீங்க கேட்டா அவ எப்படிச் சொல்லுவா?”

அவ்வளவுதான், இரண்டு பேரும் மைக்ரானை மறந்துவிட்டுத் தங்களுக்குள் ஆரம்பித்துவிட்டார்கள். அக்காவும் மாமாவும் ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் முடிய விட்டதே இல்லை. காலையில் கதவு திறந்தது முதல் கடகடவென்று சத்தம்தான், நடுவில் ஒரு சொட்டு எண்ணெய் போகக்கூட இடம் கிடையாது. பாசத்துக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் வீட்டில் எப்போதும் ஒரு சூடு இருக்கும்.

கடைசியில் மைக்ரான் துணிந்து கேட்டே விட்டாள். தொழிற்சாலை வாசலுக்கு எதிரே பஸ் ஸ்டாப். மழை வரும்போல் இருந்தது, பேக்லாஷ் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

“ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?”

அவர் அவளைப் பார்த்தார்.

“சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது. நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா?”

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். குடையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். அவருடைய பஸ் வந்தது. குடையை அவள் கையில் கொடுத்துவிட்டு ஏறிப் போய்விட்டார். மழை பிடித்துக்கொண்டது.

அன்று ராத்திரி மைக்ரானுக்குத் தூக்கம் பிடித்தால்தானே? வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். குடை கொடுத்ததற்கு என்ன அர்த்தம்? ‘நனையாமல் போ’ என்றா, ‘ஆளை விடு’ என்றா? காலையில் கேட் திறந்ததும் அவரைத் தேடிப் போய்க் குடையை நீட்டினாள். அவர் வாய் திறக்கிற மாதிரி இருந்தது. என்ன வந்துவிடுமோ என்று பயந்து அவள் முந்திக்கொண்டாள்.

“நேத்து சொன்னதை விட்டுடுங்க. ஏதோ தெரியாம கேட்டுட்டேன்,” என்று படபடவென்று கொட்டிவிட்டாள்.

பாதி திறந்த வாய் மெதுவாக மூடிக்கொண்டது.

மறுநாளே மனசு கேட்கவில்லை. ஸ்டோரில் கையுறை வாங்கும் வரிசையில் அவருக்குப் பின்னால் போய் நின்று, “விட்டுடுங்கன்னு சொன்னேனே, நிஜமாவே விட்டுடாதீங்க,” என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள். முதுகு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வரிசை நகர்ந்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார், பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட வேண்டியிருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு ஒரு நம்பிக்கை வந்தது.

அந்த நம்பிக்கையையும் மேனேஜர் கெடுத்தார். டீ நேரத்தில் ஆங்கிலப் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, “பஸ் கட்டணத்தை ஏத்தினதுக்குப் பெரிய பேக்லாஷாம்,” என்றார்.

“எத்தனை மைக்ரான் சார்?” என்றார் ரேடியோ.

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் பொறுமையாகச் சொன்னார்: “அது நம்ம பேக்லாஷ் இல்லப்பா. இங்கிலீஷ்ல ஜனங்க கொந்தளிச்சு எதிர்த்துக் கிளம்பினா அதுக்கும் இதே வார்த்தைதான். ஒண்ணு செஞ்சா அது திருப்பி அடிக்குது பாரு, அந்த அடி.”

“நம்ம ஆளு கொந்தளிக்கிறதா? அதுக்குள்ள பஸ் கட்டணம் இன்னும் ரெண்டு தடவை ஏறிடும் சார்!” என்றார் ரேடியோ. மறுபடியும் சிரிப்பு. பேக்லாஷ் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

மைக்ரானால் மட்டும் சிரிக்க முடியவில்லை. அவளுக்குத் தெரிந்த பேக்லாஷ் ஒரு சின்ன, சாதுவான இடம். அடி என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. ஒருவேளை இவர் மௌனமும் பேப்பர்க்காரன் சொல்கிற ஜாதிதானோ? உள்ளே கோபம் சேர்ந்துகொண்டே இருந்து, ஒருநாள் எல்லோர் எதிரிலும் ‘உனக்கு வெட்கமா இல்ல?’ என்று கேட்டுவிட்டால்? பழைய கல்யாணத்தில் வாங்கியதே போதும் என்றிருந்தது அவளுக்கு. டம்ளரைக் கழுவுகிற இடத்தில் அவரிடம் போய், “கோபம் ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் இனிமே அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்,” என்றாள். அவர் கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினார்.

இப்படி முன்னே ஓர் அடி, பின்னே ஓர் அடி என்று நாள் ஓடியது. இந்த நேரம் பார்த்து அக்கா ஒரு வரனைக் கொண்டுவந்தாள். மனைவியை இழந்தவர், பல் டாக்டர்.

“நல்ல பொருத்தம்டி. நீயும் நாள் பூரா பல்லைத்தான் பாக்குற, அவரும் நாள் பூரா பல்லைத்தான் பாக்குறார்,” என்றாள்.

“அவர் பார்க்கிற பல்லு சொத்தை. இவ பார்க்கிற பல்லு—” என்று மாமா தொடங்க,

“உங்களை யாரு கேட்டா?” என்று அக்கா முடித்தாள். “ஞாயித்துக்கிழமை காபி சாப்பிட வரேன்னு சொல்லியிருக்கார். வரச் சொல்லவா வேண்டாமா? சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடு.”

மைக்ரான் அதையும் கொண்டுபோய்ப் பல் வெட்டும் மெஷின் முன்னால் கொட்டினாள். “எங்க அக்கா ஒரு பல் டாக்டரைப் பார்த்திருக்கா. வர ஞாயித்துக்கிழமை வரார். உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே?” அவர் நிமிர்ந்து பார்த்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, வெட்டுகிற இடத்தில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் ஏதோ நகர்ந்தது. அது என்னவென்று பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. “இருக்காதுன்னு தெரியும்,” என்று தானே பதிலையும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். கல்லுளிமங்கன், கல்லுளிமங்கன் என்று வழியெல்லாம் மனதுக்குள் திட்டினாள்.

சனிக்கிழமை வந்தது. காலையிலிருந்து அவளுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை, ஆனால் கண் மட்டும் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டதுபோல் கூர்மையாக இருந்தது. ரேடியோ அனுப்பியிருந்த தகடுகளை அளந்தாள். ஒன்றில் துளை இந்தப் பக்கம் தள்ளி இருந்தது, அடுத்ததில் அந்தப் பக்கம். சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி எடுத்துக்கொண்டு நேராக ரேடியோவின் மெஷினுக்கே போய்விட்டாள். யார் மேலாவது கோபப்பட்டால் தேவலை என்றிருந்தது.

“என்ன இது? ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம?”

“நான் என்ன மேடம் பண்றது? மெஷின் கிழடு. பேக்லாஷ் ஜாஸ்தி. கைப்பிடியைத் திருப்பினா தகடு வெச்சிருக்கிற மேஜை நகர மாட்டேங்குது. சரி, நகரலையேன்னு திருப்பி இந்தப் பக்கம் கொண்டுவந்தேன். அப்புறம் மறுபடியும் அந்தப் பக்கம். அது எங்கே நிக்குதுன்னு எனக்கே தெரியலை!”

“பேக்லாஷ் எந்த மெஷின்லதான் இல்ல?” மைக்ரான் பொரிந்து தள்ளினாள். “அது இருக்கட்டும். ஒரே பக்கமா திருப்பிக்கிட்டு வந்தா அது உங்களை என்ன பண்ணப் போகுது? நகரலைன்னு பொறுமையில்லாம நீங்க திருப்பித் திருப்பி எதிர்ப்பக்கம் போனா, ஒவ்வொரு தடவையும் அது அந்த இடத்தை முதல்லேர்ந்து கடக்கணும். அது பல்லுல பல்லு முட்டப் போற நேரம் பார்த்து நீங்க மாத்திடுவீங்க. அப்புறம் மெஷின் நகரலைன்னு மெஷினையே திட்டுவீங்க! தப்பாப் போச்சுன்னா நல்லா ஒரு சுத்து பின்னாடி போய், முதல்லேர்ந்து, அதே பக்கமா வாங்க. வந்துட்டா திரும்பாதீங்க. அது நகரும். நகராம எங்கே...”

அவள் நின்றுவிட்டாள். ஸ்டிக்கர் ஒட்டிய தகடு கையில் அப்படியே இருந்தது.

“எங்கே போயிடும்னுதானே மேடம் சொல்ல வந்தீங்க?” என்று எடுத்துக் கொடுத்தார் ரேடியோ.

அது அவள் காதில் விழவில்லை. பஸ் ஸ்டாப்பில் கேட்டது முன்பக்கம். குடையைத் திருப்பிக் கொடுத்தபோது சொன்னது பின்பக்கம். ஸ்டோரில் முன்பக்கம், டம்ளர் கழுவும் இடத்தில் பின்பக்கம், பல் டாக்டர் சமாசாரம் பின்னுக்கும் பின்பக்கம். அந்த மனிதர் வாய் திறக்கப் போன ஒவ்வொரு தடவையும் கைப்பிடியை மாற்றித் திருப்பியது யார்? பேர் வைத்ததோ அவருக்கு!

“சரி மேடம், திட்டினது போதும், இனிமே பார்த்துப் பண்றேன்,” என்றார் ரேடியோ.

“உங்களை இல்ல. என்னைத்தான் திட்டிக்கிட்டேன்,” என்று சொல்லிவிட்டு மைக்ரான் சிரித்தாள். காரணம் தெரியாமல் ரேடியோ பயந்துபோனார். அந்தத் தொழிற்சாலையில் சிவப்பு ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சிரித்ததை யாரும் பார்த்ததில்லை.

மத்தியானமே அக்காவுக்கு ஃபோன் போட்டாள். “அந்தப் பல் டாக்டரை வர வேண்டாம்னு சொல்லிடுக்கா. நான் ஒருத்தரைக் கட்டிக்கப் போறேன்.”

“யாருடி? அவன் சரின்னு சொல்லிட்டானா?”

“இன்னும் இல்ல.”

“சொல்லாமலேயா?” என்று அக்கா அலறினாள். பின்னால் மாமா, “என்ன சொல்லாமலே? யாரு சொல்லாமலே?” என்று கேட்பதும் விழுந்தது. மைக்ரான் ஃபோனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவர் நின்றுகொண்டிருந்தார். நன்றாக ஒரு சுற்று பின்னால் போய் ஆரம்பிக்க வேண்டும் என்று அவளே சொல்லியிருக்கிறாளே. அன்றைக்கு நின்ற அதே இடத்தில் போய் நின்றாள்.

“நடுவில நான் சொன்னதெல்லாம் பைத்தியக்காரத்தனம். முதல்ல கேட்டதைத்தான் மறுபடியும் கேக்கிறேன். நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா? இப்ப பதில் வேண்டாம். எப்ப வருதோ அப்ப சொல்லுங்க. நான் இந்தத் தடவை திரும்ப மாட்டேன்.”

பஸ் வந்தது. அவர் ஏறினார். படியில் நின்று திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் மைக்ரான் ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டே வந்தாள், ஒரு நாளைக்குக் கொஞ்சம். திங்கட்கிழமை, சக்கரத்தை வாங்கிக்கொள்ளும்போது, “எங்க மாடியில ரெண்டே ரூம்தான். உங்ககிட்ட சாமான் எவ்வளவு இருக்கு?” என்றாள். அடுத்த நாள், “கட்டில் ஜன்னல் பக்கமா, சுவர் பக்கமா?” என்று கேட்டாள். அதற்கும் அடுத்த நாள், “காலையில எனக்கு எழுந்ததும் காபி வேணும். நான்தான் போடணும்னு எனக்கு ஒரு ஆசையும் இல்ல,” என்றாள். கூடவே, “அந்தப் பல் டாக்டரை வர வேண்டாம்னு சொல்லிட்டேன். நானும் பல்லு, அவரும் பல்லு, நல்ல பொருத்தம்னு எங்க அக்கா சொன்னா,” என்று ஜோக்கையும் சேர்த்தாள். அவர் ஒன்றுக்கும் முகம் மாறவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை.

சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. அவளுக்கல்லவா தெரியும் அந்த அவஸ்தை! ஒவ்வொரு நாள் ராத்திரியும் ‘விட்டுடுங்க’ என்ற வார்த்தை நாக்கு நுனியில் வந்து நிற்கும். பல்லைக் கடித்துக்கொண்டு அதை விழுங்குவாள். வெள்ளிக்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. “ஆளு ஓடிட்டான் போல,” என்று ரேடியோ வாய்க்கு வந்ததைச் சொன்னார், எந்த விஷயமும் தெரியாமலே. மைக்ரானுக்கு உயிர் போய் உயிர் வந்தது. சாயங்காலம் அக்கா வேறு, “இன்னும் நேரம் ஆகலை, அந்த டாக்டரைத் திரும்பக் கூப்பிடட்டுமா?” என்று கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள்.

“வேண்டாம்க்கா. இப்ப விட்டா எல்லாம் முதல்லேர்ந்து.”

“எது முதல்லேர்ந்து?”

“உனக்குப் புரியாது. உங்க வீட்டுல அந்த இடமே கிடையாது,” என்றாள் மைக்ரான்.

சனிக்கிழமை காலை ஷிஃப்ட் பாதி நடந்துகொண்டிருந்தது. மெஷின்கள் எல்லாம் ஓடுகிற இரைச்சலில் ஒரு சத்தம் மட்டும் நின்றது. பல் வெட்டும் மெஷினை நடு வேலையில் யாரும் நிறுத்த மாட்டார்கள். பேக்லாஷ் நிறுத்திவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, நடைபாதை வழியாக மைக்ரானின் கண்ணாடி ஜன்னலை நோக்கி வந்தார். சக்கரங்களை உள்ளே தள்ளுகிற சின்ன ஓட்டை முன்னால் குனிந்து நின்றார். கையில் சக்கரம் எதுவும் இல்லை.

“சரி,” என்றார்.

இரைச்சலில் கேட்க வேண்டும் என்று சத்தமாகவே சொன்னார். ரேடியோ என்ன சமாசாரம் என்று கேட்பதற்காகத் தன் மெஷினை நிறுத்தினார். அவர் நிறுத்தியதைப் பார்த்துப் பக்கத்தில் லேத் ஓட்டுகிறவர் நிறுத்தினார். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் நின்றன. பேக்லாஷ் அதைக் கவனிக்கவில்லை. அதே சத்தத்தில் பேசிக்கொண்டே போனார்.

“விட்டுடுங்கன்னு சொன்னீங்க. அது முடியாது.”

மைக்ரான் எழுந்து நின்றாள்.

“விட்டுடாதீங்கன்னீங்க. விடலை. கோபமான்னு கேட்டீங்க. கோபம் இல்ல, பயம்தான், எனக்குள்ள சரின்னு வர்றதுக்குள்ள நீங்க வேண்டாம்னு சொல்லிடுறீங்களேன்னு. பல் டாக்டர் வர்றதுக்கு ஆட்சேபணை இருக்கான்னு கேட்டீங்க. இருக்கு. நிறைய இருக்கு.” மூச்சு வாங்கிக்கொண்டார். “அப்புறம் மறுபடியும் முதல் கேள்வி. அதுக்கும் சரி. சாமான், ஒரு பெட்டி, ஒரு டூல் பாக்ஸ். கட்டில் ஜன்னல் பக்கமே இருக்கட்டும். காத்து நேரா கழுத்துல அடிச்சா அதுக்கு ஒரு தகடு பண்ணிடுறேன். காபி நான் போடுறேன், ஆனா கொஞ்சம் நேரமாகும். நேத்து அதுக்குத்தான் லீவு. பாத்திரம் வாங்கினேன்.”

தொழிற்சாலையில் ஊசி விழுந்தால் கேட்கும். யார் என்ன கேட்டார்கள், இவர் எதற்குப் பதில் சொல்கிறார் என்று ஒருவருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மைக்ரானுக்கு மட்டும் ஒவ்வொன்றும் எந்த நாள், எந்த இடம் என்று தெரிந்தது. சொன்ன ஒன்றைக்கூட அவர் கீழே போடவில்லை. அவள் வாபஸ் வாங்கியதைக்கூட எடுத்து வைத்திருந்து பதில் சொல்லிவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்து, எதிரே இருந்த முகம் கலங்கலாகத் தெரிந்தது. சந்தோஷத்தில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“இப்ப நான் ஒண்ணு கேக்கலாமா?” என்றார் அவர். “நாளைக்கு உங்க அக்காவையும் மாமாவையும் பார்க்க வரட்டுமா?”

மைக்ரான் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கேட்ட நொடியில் பதில் சொல்லியே பழகியவள், முப்பத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாக வார்த்தை கிடைக்காமல் நின்றாள். மொத்தத் தொழிற்சாலையும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஓட்டை வழியாகக் கையை நீட்டி, மேஜைமேல் இருந்த அவள் விரல்களை லேசாகத் தொட்டார்.

“அவசரமில்ல. மெதுவாச் சொல்லுங்க. நான் இங்கேதான் இருப்பேன்,” என்று சொல்லிவிட்டு மெஷினுக்குத் திரும்பி நடந்தார்.

அவர் பாதி தூரம் போன பிறகுதான் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, “வாங்க! கண்டிப்பா வாங்க!” என்று ஒரு கூச்சல் வந்தது. தொழிற்சாலை கைதட்டியது. மேனேஜர் ஓடிவந்து, “என்ன ஆச்சு? ஏன் எல்லா மெஷினும் நிக்குது?” என்று பதறினார்.

“பேக்லாஷ் சார்!” என்றார் ரேடியோ. “பேப்பர்ல வர்றது இல்ல, நம்மது!” சொல்லிவிட்டு முதல் ஆளாகத் தன் மெஷினை மறுபடியும் ஓட்டினார்.

சாயங்கால டீ வந்து போனது. எல்லோரும் வேலையில் மூழ்கியிருந்தார்கள். திடீரென்று பல் வெட்டும் மெஷினுக்குப் பின்னாலிருந்து வாய்விட்டு ஒரு சிரிப்பு. நானும் பல்லு, அவரும் பல்லு. அந்த ஜோக் இப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று மைக்ரானுக்கு உடனே தெரிந்துவிட்டது. கையிலிருந்த சக்கரத்தை மேஜையில் வைத்துவிட்டு அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். அந்தத் தொழிற்சாலையில் அவர் சிரிப்புக்குத் துணைச் சிரிப்பு கேட்டது அன்றைக்குத்தான்.